புரதத்திற்கு யாப்புக் கண்ட பேராசிரியர்

மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர்க்குக் காவிரியும், அதற்கப்பால் திருவரங்கத் தீவும், அதற்கும் அப்பால் கொள்ளிடமும் தெரியும். அரங்கநாதர் கோயிற் கோபுரங்களுக்கு அப்பால் தென்னைக்கு நிகராக வாழையும் பசுமை காட்டி நிற்கும். மேற்கே முசிறி, தொட்டியம், கிழக்கே இலால்குடி என ஆற்றங்கரை நெடுகிலும் பூவனும் இரசுதாளியும் கற்பூரவல்லியும் நேந்திரனும் விளைந்து, காந்தி சந்தையை அடுத்த வாழைக்காய் மண்டியில் வந்து குவிகின்றன. அதே மலையின் அடிவாரத்தில், தெப்பக்குளத்தின் அருகே, தூய வளனார் கல்லூரி அமைந்துள்ளது. 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த கல்லூரி அது. 1939ஆம் ஆண்டில் அங்கே இயற்பியல் பயில வந்த பதினாறு வயது இளைஞர் ஒருவர், பின்னாளில் உயிர்ப்பொருளின் கட்டமைப்புக்கு உலகம் ஏற்ற ஓர் இலக்கணத்தை வகுத்தார். அவர் வாழையை ஆய்ந்தவர் அல்லர். ஆயினும் இன்று வாழையின் நோயை அதன் மரபணுவிலும் புரதத்திலும் தேடும் ஆய்வாளர்கள் அவர் வகுத்த இலக்கணத்தைத் தொடாமல் அப்பாற் செல்வதில்லை. அவர்தாம் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்.

நெல்லைச் சீமையின் கோபாலசமுத்திரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தில், 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் இராமச்சந்திரன் பிறந்தார். அவர் பெயரின் முன்னெழுத்துகளுள் முதலாவது அவ்வூரையும், இரண்டாவது தந்தையார் நாராயண ஐயரையும் குறிக்கும். தாயார் இலட்சுமி அம்மாள். தந்தையார் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். ஆதலின் கணிதம் அவர்தம் இல்லத்தில் நாள்தோறும் புழங்கிய செல்வமாக இருந்தது. இடைநிலை வகுப்பை அதே ஊரில் முடித்துக்கொண்டு, இயற்பியல் சிறப்பு வகுப்பிற்காக அவர் திருச்சிராப்பள்ளி வந்தார்.

இங்கே அவர் பயின்றது மூன்றே ஆண்டுகள். 1942இல் பட்டத் தேர்வில் முதன்மை பெற்று விடைபெற்றார். பின்னாளில் அவர் எய்திய புகழனைத்தையும் இம்மூன்றாண்டுகளின் கணக்கில் எழுதிக்கொள்வது நமக்கு அழகன்று. எனினும் கணிதம் கற்ற கை இயற்பியலை முறையாகப் பற்றியது இவ்வூரில்தான் என்று கூறுவதில் பிழையில்லை.

அவ்வாண்டே பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். ஆனால் அங்கே சர் சி. வி. இராமன் இருந்தார். அவருடைய ஈர்ப்பிற்கு ஆளான இளைஞர் பொறியியலை விட்டு இயற்பியலுக்கு மாறினார். படிகங்களின் ஒளியியலும், ஊடுகதிர்கள் படிகத்தினூடே சிதறும் இயல்பும் அவருடைய ஆய்வுப் பொருள்களாயின. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முதுமுனைவர் பட்டம் வழங்கியது. அதே ஆண்டு இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் நகரின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஊஸ்டர் என்பாரிடம் ஈராண்டுகள் ஆய்ந்து, இரண்டாவது முனைவர் பட்டமும் பெற்று 1949இல் தாயகம் திரும்பினார்.

1952இல், அகவை முப்பதை எட்டுமுன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக அமர்ந்தார். துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் முதலில் நாடியது இராமனை. இராமன் காட்டியது தம் மாணவரை. கிண்டியில் அத்துறை அப்போதுதான் உருவாகி வந்தது. எதை ஆய்வது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், இங்கிலாந்தின் படிகவியல் அறிஞர் பெர்னால் சென்னைக்கு வருகை தந்தார். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் நிறைந்திருக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் விளங்கவில்லை என்று அவர் சொல்லிச் சென்றார். அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கொலாஜன் இழைகளைப் பெற்று, கோபிநாத் கர்த்தா என்னும் இளம் ஆய்வாளருடன் இராமச்சந்திரன் பணியில் இறங்கினார்.

கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் என்பது தெரிந்த செய்தி. அவ்வாறாயின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வரவேண்டும். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுகும்போது, நெருக்கமான நடுவிடத்தில் அமரத்தக்கதும் அச்சிறிய கிளைசின் ஒன்றே. இந்த எண்ணத்திலிருந்து மூன்று புரிகளைக் கொண்ட கயிறு போன்ற வடிவம் பிறந்தது. 1954இலும் 1955இலும் நேச்சர் இதழில் அக்கருத்து வெளிவந்தது.

புகழோடு கண்டனமும் வந்தது. 1955இல் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவர் அதே முப்புரி வடிவத்தைச் சிறிது திருத்தி வெளியிட்டதோடு, சென்னை வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுமீறி நெருங்குகின்றன என்றும் குறை கூறினர். கிரிக் என்பவர் மரபுப்பொருளின் இரட்டைச் சுருளை 1953இல் கண்ட இருவருள் ஒருவர். அத்தகையவர் பிழை என்ற பின் உலகம் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முப்புரி என்னும் முதற்கருத்து சென்னையில் தோன்றியதாக இருந்தும், பாராட்டின் பெரும்பகுதி கடல்கடந்து போயிற்று. அது இராமச்சந்திரனுக்கு நெடுநாள் ஆறாத வருத்தமாயிற்று.

ஆனால் வருத்தத்தைக் கோபமாக்கிக் காலங்கழிக்காமல், அதைக் கேள்வியாக்கினார் என்பதே அவருடைய வாழ்க்கையின் திருப்பம். அளவுமீறிய நெருக்கம் என்கிறார்களே, அந்த அளவு யாது? இரண்டு அணுக்கள் எவ்வளவு தொலைவுவரை நெருங்கலாம், எந்த எல்லைக்கு உள்ளே வரக்கூடாது? இதற்கு எவரிடமும் தெளிவான விடையில்லை. ஆகவே வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் என்னும் மாணவர் இருவருடன், அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளைத் தேடித் தொகுத்து, அணுவுக்கு அணு உள்ள தொலைவுகளைப் பட்டியலிட்டார். அவ்வெல்லைகளைக் கொண்டு, புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு மடங்கலாம் என்று கணக்கிட முற்பட்டார். இன்றைய கணிப்பொறிகள் இல்லாத காலம். மேசைக் கணக்குப்பொறிகளே துணை. விளைவு 1963இல் மூலக்கூற்று உயிரியல் இதழொன்றில் ஐந்தே பக்கங்களில் வெளியாயிற்று. அதிலிருந்த சதுரப் படமே இன்று உலகெங்கும் பாடநூல்களில் இராமச்சந்திரன் வரைபடம் என வழங்குகிறது.

கவிஞர்கள் கூடும் அவையில் இவ்வரைபடத்தை விளக்குவது எளிது. புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட சங்கிலி. அடுத்தடுத்த இரண்டை இணைக்கும் பகுதி வளையாத தகடு போன்றது. தகடும் தகடும் சந்திக்கும் கரியணுவில் மட்டும் இரண்டு திருப்பங்கள் உண்டு. இரண்டையும் இரு கிரேக்க எழுத்துகளால் ஃபை, சை என்று குறிப்பர். ஒவ்வொன்றும் முழுச் சுற்று திரும்பலாம் போலத் தோன்றும். ஆனால் திருப்பிப் பார்த்தால், பல நிலைகளில் அணுவோடு அணு மோதும். மோதாத நிலைகளை மட்டும் சதுரத்தில் குறித்தால், பெரும்பரப்பு வெற்றிடமாக நிற்க, சில சிறு தீவுகள் மட்டுமே மிஞ்சுகின்றன. புரதங்களில் காணப்படும் சுருளும் விரிதாளும் அத்தீவுகளிலேயே அமைகின்றன. பக்கக்கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் உரிமை சற்று மிகுதி.

வெண்பாவின் தளையும் இத்தன்மையதே. மாமுன் நிரை வரும், விளமுன் நேர் வரும், காய்முன் நேர் வரும், பிற வாரா. இவ்விதி கவிதையை எழுதித் தராது. ஆனால் எது வெண்பா ஆகாது என்பதை ஐயமின்றிச் சொல்லிவிடும். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் தளை தட்டும் இடத்தில் நின்று, ஏடெழுதியவரின் கை பிழைத்ததோ என ஐயுறுவர். புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தோம் என்று இன்று எவர் கூறினாலும், அவ்வடிவத்தின் கோணங்கள் இராமச்சந்திரன் வரைபடத்தில் எங்கே விழுகின்றன என்றே முதலில் பார்ப்பர். கூடாத இடத்தில் விழுமானால் அங்கே பிழை இருக்கலாம். ஒரு குறைகூறலுக்கு விடையாகத் தோன்றியது, பிறருடைய பிழைகளையும் காட்டும் உரைகல்லாயிற்று.

1970இல் அவர் சென்னையை விட்டு நீங்கினார். 1971இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர்இயற்பியல் துறை அவரால் உருப்பெற்றது. அதே ஆண்டில், ஏ. வி. இலட்சுமிநாராயணன் என்பாருடன் சேர்ந்து, பல திசைகளிலிருந்து எடுத்த ஊடுகதிர்ப் பதிவுகளைக்கொண்டு ஒரு பொருளின் உட்புறத்தைப் படமாக மீட்கும் கணித முறையை வெளியிட்டார். மருத்துவமனைகளில் இன்று எடுக்கப்படும் வெட்டுத்தளப் படங்களுக்கு அம்முறையும் ஓர் அடிப்படை. அதே 1971இல்தான் அமெரிக்காவில் புரதத் தரவு வங்கி தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் பத்துக்கும் குறைவான அமைப்புகளைக் கொண்டிருந்த அவ்வங்கியில் இன்று இரண்டு இலட்சத்திற்கு மேல் உள்ளன. உயிர்த் தகவலியல் என்று நாம் வழங்கும் துறை, இத்தகைய சேமிப்புகளும் அவற்றை ஒப்பிடும் கணக்குகளும் சேர்ந்து வளர்ந்ததே. சிதறிக்கிடந்த அளவுகளைத் தொகுத்து, அத்தொகுப்பிலிருந்து விதி காணும் வேலையைக் கிண்டியில் கையாற் செய்தவரை அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் எனல் தகும்.

1977இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. நோபல் பரிசு வரவில்லை. பிற்காலத்தில் அவருடைய மனம் தத்துவத்தின் பக்கம் திரும்பியது. சமண மெய்ப்பொருளியலின் சியாத்வாதம், ஒன்றை உண்டு என்றும் இல்லை என்றும் சொல்லவொண்ணாதது என்றும் பல நிலைகளில் நோக்குவது. அதனைக் கணித வடிவில் அமைக்க முயன்று, சியாத் நியாய முறை என ஒன்றை எழுதினார். கூடும், கூடாது என்னும் இரண்டை அளந்து புகழ்பெற்றவர், இரண்டிற்கும் இடைப்பட்டதை எண்ணிக் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். அவ்வாண்டுகளில் நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. 1945இல் கைப்பிடித்த துணைவியார் இராஜலட்சுமி 1998இல் மறைந்தது பேரிடியாயிற்று. 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசு அவரைத் தேடி வந்தது. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார். மூத்த மைந்தர் இரமேஷ் நாராயண் வானியற்பியலில் உலகப்புகழ் பெற்றவர்.

இனி வாழைக்கு வருவோம். வாழையடி வாழை என்று வாழ்த்துவது நம் மரபு. ஆனால் பயிரிடும் வாழை விதையின்றிக் கீழ்க்கன்றினால் பெருகுவது. ஆதலால் தாயின் குணம் வருவதுபோலத் தாயின் நோயும் கன்றுக்கு வரும். இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகிப்போகும் முடிக்கொத்து நோய் அத்தகையது. அதன் நச்சுயிரியை அசுவினி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றிற்குப் பரப்பும். கன்று ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றிற்குச் சுமக்கும். பழனி மலைச்சாரலின் விருபாட்சி வாழை இந்நோயால் பட்ட பாடு உழவர் அறிந்ததே. நம் பூவனின் நிலையோ இன்னும் வியப்பானது. வாழைக்கு வாய்த்த இரண்டு மூதாதையருள் மொந்தனுக்கு நெருங்கிய காட்டு வாழையின் மரபணுத்தொகுதிக்குள்ளேயே, இலைக்கீற்று நச்சுயிரியின் எழுத்துகள் புகுந்து கிடக்கின்றன. அவ்வழி வந்த பங்கு பூவனில் உண்டு. தட்பவெப்பம் முதலிய நெருக்கடிகளால் அந்த எழுத்துகள் விழித்தெழுந்தால், வெளியிலிருந்து எப்பூச்சியும் வராமலே நோய் தோன்றக்கூடும். கண்ணாற் பார்த்து இதனை அறிய இயலாது. மரபணுவைப் படித்தே அறிய வேண்டும்.

அந்தப் படிப்பு திருச்சிராப்பள்ளியிலேயே நடைபெறுகிறது. 1993இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழு இங்கே தேசிய வாழை ஆராய்ச்சி நடுவத்தை நிறுவியது. தாயனூரை அடுத்த அதன் ஆய்வகங்களில், இலையிலிருந்து எடுத்த மரபுப்பொருளை நகல்பெருக்கிப் பார்த்து, அறிகுறி தோன்றுமுன்பே திசுவளர்ப்புக் கன்றுகளில் நச்சுயிரி உண்டா எனக் காண்கின்றனர். வேரின் வழியே புகுந்து மரத்தைப் பட்டுப்போகச் செய்யும் பனாமா வாடல் நோய், இரசுதாளியைப் பல்லாண்டுகளாகத் துன்புறுத்துவது. அதற்குக் காரணமான பூசணத்தின் கொடிய வகையொன்று, உலகச் சந்தையை ஆளும் கேவண்டிஷ் வாழையையும் வீழ்த்துவது. அவ்வகை பீகாரில் பரவியிருப்பதை மரபணுச் சோதனையால் உறுதிசெய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அதனைச் செய்தவர்கள் இந்நடுவத்தாரும் அயல்நாட்டு அறிஞர்களும். இராமச்சந்திரன் பயின்ற ஆய்வகத்திற்கும் இவ்வாழைக்கும் பெயர் தந்தது ஒரே ஆங்கிலப் பிரபுக் குடும்பம் என்பது ஒரு தற்செயலான பொருத்தம்.

2012இல் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று காட்டு வாழையொன்றின் மரபணுத்தொகுதியை வெளியிட்டது. பதினொரு குரோமோசோம்களில் ஏறத்தாழ 36,500 மரபணுக்கள். அவை எழுத்து வரிசைகள் மட்டுமே. ஒரு மரபணு எழுத்திலிருந்து புரதமாகி, மடங்கி, வடிவம் கொண்ட பின்னரே தொழில் செய்யும். செடிகளுக்கு நம்மைப்போல் குருதியில் திரியும் காவலணுக்கள் இல்லை. ஒவ்வொரு உயிரணுவும் தன்னுள் சில காவற் புரதங்களை வைத்திருக்கிறது. நுண்ணுயிரி செலுத்தும் பொருளை உணர்ந்ததும் அவை எச்சரிக்கை எழுப்பும். அவற்றுள் ஒன்றான சார்-1 என்பது, எதிரியை உணர்ந்ததும் ஐந்து ஐந்தாகக் கூடிச் சக்கர வடிவங் கொள்வதைச் சீன ஆய்வாளர்கள் 2019இல் ஒரு சிறு களைச்செடியின் புரதத்தில் கண்டனர். அதே குடும்பத்தைச் சார்ந்த ஒரு மரபணுவைக் காட்டு வாழையிலிருந்து எடுத்து, ஆஸ்திரேலிய அறிஞர்கள் கேவண்டிஷ் வாழையிற் சேர்த்தனர். அது வாடல் நோயைத் தாங்கி நிற்பதை 2017இல் அறிவித்தனர். 2024இல் அந்நாட்டு அரசு அதனைப் பயிரிட ஒப்புதல் வழங்கியது.

இப்பணிகளில் வடிவம் காணும் ஒவ்வொரு கட்டத்திலும் 1963ஆம் ஆண்டின் அச்சதுரம் குறுக்கே வந்து நிற்கும். எழுத்து வரிசையிலிருந்தே வடிவத்தை ஊகித்துச் சொல்லும் கணிப்பொறிகள் இன்று வந்துவிட்டன. அவற்றை ஆக்கியோர் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்குபெற்றனர். ஆயினும் பொறி சொல்லும் வடிவமும் அந்தச் சதுரத்தில் வைத்துப் பார்க்கப்படுகிறது. பொறிக்கு வேகம் உண்டு. அணுவோடு அணு மோதக்கூடாது என்னும் விதி அதற்கும் பொது.

இதனால் தொட்டியத்து உழவரின் தோட்டம் நாளையே நோய் நீங்கும் என்பதன்று. வரைபடம் மருந்தன்று. நோய்கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிப்பதும், தூய கன்றைத் தேடி நடுவதும், மண்வெட்டியைக் கழுவி அடுத்த வயலில் இறங்குவதும் இன்றும் மனிதர் கையாலேயே நடைபெற வேண்டும். எந்தக் கன்று தூயது, எந்த வகை தாங்கும் என்று தேர்வதில் மட்டும் ஆய்வகம் துணைநிற்கும். அத்துணை பொய்யாகாமல் இருக்க, இல்லாததை இருப்பதாகக் காட்டாத ஓர் அளவுகோல் வேண்டும். அதனை நமக்குத் தந்தவர் இம்மலையடிவாரத்தில் மூன்றாண்டுகள் நடந்தவர்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், பாவலர்களின் மலரில் ஓர் இயற்பியலாளரின் வாழ்க்கையை வைப்பதற்குக் காரணம் உண்டு. நம் கூட்டங்களிலும் பாடல் அரங்கேறும், குறை கூறப்படும், சிலர் முகம் வாடும், சிலர் அடுத்த கூட்டத்திற்கு வருவதே இல்லை. தம் படைப்பைக் குறைகூறியவர் உலகம் மதிக்கும் அறிஞராக இருந்தபோதும், இராமச்சந்திரன் அஞ்சி ஒதுங்கவுமில்லை; வீண்வாதத்தில் அமிழவுமில்லை. அந்தக் குறையில் உண்மை எவ்வளவு என்று அளந்து பார்க்க அமர்ந்தார். அளந்து முடித்தபோது அவர் கையில் இருந்தது, தம் வடிவத்திற்கு மட்டுமன்றி எல்லார் வடிவத்திற்கும் ஏற்ற அளவுகோல். கொள்ளிடக் கரையில் ஒரு வாழைக்கன்று நோயின்றி வேர் பிடிக்குமானால், அவ்வாறு அளந்தவரின் பொறுமைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.